அத்தியாயம் 6: ஓட்டையை அடை, படியைப் பார் – டிரைவர் ஸ்ட்ரக்டுகளில் நினைவகச் சிக்கனம்

சாதாரண நிரல் ஒன்று நினைவகத்தை வீணடித்தால், இயக்க முறைமை அதன் தூங்கும் பக்கங்களை வட்டுக்குத் தள்ளிவிட்டு மற்றவர்களுக்கு இடம் பண்ணிக்கொடுக்கும். லினக்ஸ் கர்னல் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் நினைவகத்துக்கு அந்த வழி கிடையாது. உங்கள் டிரைவர் ஒரு ஸ்ட்ரக்டுக்காக வாங்கிய பைட், அதைத் திருப்பிக் கொடுக்கும்வரை ராமிலேயே குடியிருக்கும். அந்த நேரம் முழுவதும் வேறு யாருக்கும் அது பயன்படாது. கர்னலில் எழுதுபவர் செலவழிப்பது எல்லோருக்கும் பொதுவான சொத்தை. இந்த அத்தியாயத்தை அந்தப் பொறுப்புணர்ச்சியோடு படியுங்கள்.

பைட் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு கர்னலின் பேஜ் ஸ்ட்ரக்ட் நல்ல சாட்சி. நினைவகத்தின் ஒவ்வொரு 4096 பைட் பக்கத்துக்கும் கர்னல் இப்படி ஒரு ஸ்ட்ரக்ட் வைத்திருக்கிறது. 64-பிட் கணினிகளில் வழக்கமாக அதன் அளவு 64 பைட். 16 ஜிபி ராம் உள்ள கணினியில் சுமார் 42 லட்சம் பக்கங்கள். அவற்றின் விவரத்தை வைத்திருக்க மட்டும் 256 எம்பி போகிறது. அந்த ஸ்ட்ரக்டில் ஒரே ஒரு பாயிண்டரைக் கூட்டினால் குறைந்தது இன்னும் 32 எம்பி. ஒரே இடத்தை ஒரு நேரம் ஒரு வேலைக்கும் இன்னொரு நேரம் வேறு வேலைக்கும் பயன்படுத்தும் யூனியன்கள் அதற்குள் நெருக்கியடித்துக் கிடப்பது இதனால்தான்.

உங்கள் டிரைவரில் அத்தனை லட்சம் பிரதிகள் இருக்கப்போவதில்லை. ஆனால் முறை ஒன்றுதான்: எத்தனை பிரதி என்று எண்ணுங்கள், எவ்வளவு இடம் என்று அளங்கள், அதற்குப் பிறகு கை வையுங்கள். வரிசை மாறினால் உழைப்பு வீண்.

முதலில் எண்ணிக்கை

ஒரு டிரைவரில் இருக்கும் ஸ்ட்ரக்டுகளை மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் கூட்டம், சாதனத்துக்கு ஒன்று என்று இருப்பவை. ஒரு வெப்ப உணரிக்கான தனி விவர ஸ்ட்ரக்ட் இந்த வகை. அதில் 16 பைட் மிச்சம் பிடித்தால் கணினிக்கு மொத்தமே 16 பைட்தான் மிச்சம். இரண்டாவது, வரிசைக்கு ஒன்று, சிபியுவுக்கு ஒன்று என்று இருப்பவை. 128 கோர் உள்ள சர்வரில் இது 128 மடங்கு. மூன்றாவது, கோரிக்கைக்கு ஒன்று, பாக்கெட்டுக்கு ஒன்று, இணைப்புக்கு ஒன்று என்று பெருகுபவை. இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி மூன்றாவது கூட்டத்துக்கானது.

ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் எண்ணிக்கையைப் பார்க்க ‘ஸ்லாப்டாப்’ என்ற கட்டளை போதும். எந்த அளவுப் பொருள் எத்தனை உயிரோடு இருக்கிறது, எத்தனை பக்கம் பிடித்திருக்கிறது என்று வரிசைப்படுத்திக் காட்டும். சாதனத்தை முழு வேகத்தில் ஓடவிட்டு அதைப் பாருங்கள். சும்மா இருக்கும் சாதனத்தின் கணக்கு உண்மையைச் சொல்லாது.

ஓட்டை எப்படி விழுகிறது

64-பிட் லினக்ஸில் பாயிண்டருக்கு 8 பைட், இன்ட்டுக்கு 4, ஷார்ட்டுக்கு 2, காருக்கும் பூலுக்கும் 1. ஒவ்வொரு வகையும் தன் அளவால் வகுபடும் முகவரியில்தான் உட்காரும். இதை அலைன்மெண்ட் என்கிறோம். ஒரு பைட் புலத்துக்கு அடுத்து நீங்கள் ஒரு பாயிண்டரை எழுதினால், கம்பைலர் நடுவில் 7 பைட்டைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த எட்டின் மடங்கில் பாயிண்டரை வைக்கும். ஸ்ட்ரக்டின் மொத்த அளவும் அதிலுள்ள பெரிய அலைன்மெண்டின் மடங்காக இருக்க வேண்டும் என்பதால் கடைசியிலும் காலியிடம் விழலாம். சி மொழியில் புலங்களின் வரிசையை மாற்றும் உரிமை கம்பைலருக்கு இல்லை. நீங்கள் எழுதிய வரிசையே இறுதி.

இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே உதாரணத்தோடு நடப்போம். ஒரு சேமிப்பகச் சாதனத்தின் டிரைவர், ஒவ்வொரு கோரிக்கைக்கும் கீழே உள்ள ஸ்ட்ரக்டை ஒதுக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் இருப்பது பைட் இடம்.

0: நிலை, 1 பைட்
1–7: ஓட்டை, 7 பைட்
8–15: தரவு பாயிண்டர், 8 பைட்
16–19: நீளம், 4 பைட்
20–23: ஓட்டை, 4 பைட்
24–31: டிஎம்ஏ முகவரி, 8 பைட்
32: திசை, 1 பைட்
33: ஓட்டை, 1 பைட்
34–35: வரிசை எண், 2 பைட்
36–39: ஓட்டை, 4 பைட்
40–55: பட்டியல் கணு, 16 பைட்
56–59: ஸ்பின்லாக், 4 பைட்
60–63: ஓட்டை, 4 பைட்
64–71: முடிவில் அழைக்க வேண்டிய ஃபங்ஷனின் பாயிண்டர், 8 பைட்
72: மறுமுயற்சி எண்ணிக்கை, 1 பைட்
73–79: கடைசிக் காலியிடம், 7 பைட்

புலங்களின் கூட்டுத்தொகை 53 பைட். ஸ்ட்ரக்டின் அளவு 80 பைட். 27 பைட் காற்று.

இதை எழுதியவர் அலட்சியக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். நிலை முதலில், தரவும் நீளமும் பக்கத்தில் என்று பொருள் தொடர்பை வைத்துத்தான் எழுதியிருக்கிறார். மறுமுயற்சிப் புலத்தை இரண்டு ஆண்டு கழித்து வேறொருவர் கடைசியில் சேர்த்திருப்பார். நல்ல டிரைவர்களிலும் ஓட்டை விழுவது இப்படித்தான்.

பெரியதிலிருந்து சிறியது

எளிய வைத்தியம், அலைன்மெண்ட் பெரிய புலங்களை முதலிலும் சிறியவற்றைக் கடைசியிலும் வைப்பது. பட்டியல் கணு, தரவு பாயிண்டர், டிஎம்ஏ முகவரி, முடிவு பாயிண்டர் ஆகிய நான்கும் 40 பைட். பிறகு நீளமும் ஸ்பின்லாக்கும் சேர்ந்து 8. பிறகு வரிசை எண் 2, நிலை 1, திசை 1, மறுமுயற்சி 1. மொத்தம் 53, கடைசியில் 3 பைட் காலி. அளவு 56. ஒரு வரி லாஜிக்கைக்கூடத் தொடாமல் 80 இப்போது 56 ஆகிவிட்டது. 64 பைட் கேச் லைன் ஒன்றுக்குள் முழுக் கோரிக்கையும் அடங்கும் அளவுக்கும் வந்துவிட்டது.

விதியை இயந்திரம்போலப் பின்பற்ற வேண்டியதில்லை. பொருள் தொடர்புள்ள புலங்கள் பக்கத்தில் இருப்பது படிப்பவருக்கு உதவி. ஓட்டைக்குப் பக்கத்திலேயே அதை நிரப்பும் அளவுள்ள சிறு புலம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாலே பல இடங்களில் போதும். குறைந்த அசைவில் ஓட்டையை அடைக்கும் பேட்ச், பரிசீலிப்பவருக்கும் எளிது.

பாஹோல்: ஓட்டையைக் காட்டும் கருவி

கையால் கணக்குப் போடுவது கற்றுக்கொள்ளும்போது நல்லது. வேலையில் ‘பாஹோல்’ கருவியை நம்புங்கள். ஆர்னால்டோ கார்வால்யோ ட மெலோ உருவாக்கிய இந்தக் கருவி ‘ட்வார்வ்ஸ்’ என்ற தொகுப்பில் வருகிறது. டிபக் தகவலோடு கம்பைல் செய்த ஆப்ஜெக்ட் கோப்பையும் ஸ்ட்ரக்டின் பெயரையும் கொடுத்தால், ஒவ்வொரு புலத்தின் இடம், அளவு, நடுவிலுள்ள ஓட்டைகள், கேச் லைன் எல்லைகள் எல்லாவற்றையும் அச்சிடும். கீழே மொத்த அளவு, ஓட்டைகளின் எண்ணிக்கை, கடைசிக் காலியிடம் ஆகியவற்றைத் தொகுத்துச் சொல்லும். புலங்களைத் தானே மாற்றி அடுக்கிக் காட்டும் வசதியும் அதில் உண்டு. அதை ஆலோசனையாக எடுத்துக்கொள்ளுங்கள், அப்படியே ஒட்டாதீர்கள். எந்தப் புலம் எந்தப் புலத்தோடு சேர்ந்து பயன்படுகிறது என்பது அதற்குத் தெரியாது.

ஓர் எச்சரிக்கை. பூட்டுகளைச் சோதிக்கும் டிபக் வசதிகளை இயக்கிய கர்னலில், 4 பைட் ஸ்பின்லாக் பல மடங்கு வீங்கிவிடும். அந்தக் கர்னலில் அளந்து எடுத்த முடிவு வாடிக்கையாளரிடம் போகும் கர்னலுக்குப் பொருந்தாது. எந்த அமைப்பில் கர்னல் வெளியாகிறதோ அந்த அமைப்பிலேயே அளங்கள். டிரைவர் 32-பிட் ஆர்ம் பலகையிலும் ஓடுமென்றால் அங்கேயும் ஒருமுறை அளங்கள். பாயிண்டர் அங்கே 4 பைட் என்பதால் ஓட்டைகளின் இடமே மாறியிருக்கும்.

ஆழாக்கு, உழக்கு, உரி

தொடக்கத்தில் எல்லோரும் சறுக்கும் இடம் இது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிரைவரில் 184 பைட் ஸ்ட்ரக்டை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து 144 பைட்டாக்கினேன். மறுநாள் ஓடவிட்டுப் பார்த்தால் நினைவகக் கணக்கில் ஒரு பக்கம்கூடக் குறையவில்லை. காரணம் ஸ்ட்ரக்டில் இல்லை, ஒதுக்கும் முறையில் இருந்தது.

பழைய அரிசிக் கடைப் படிகளை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. அளக்கும் பாத்திரம் அவ்வளவுதான். உழக்குக்கு மேல் ஒரு பிடி வைக்க இடம் வேண்டுமென்றால் உரியைத்தான் எடுக்க வேண்டும். நடுவில் வேறு பாத்திரம் கிடையாது. கர்னலின் பொது ஒதுக்கீட்டுச் செயலியான கே-மாலாக்கும் இப்படியே. எக்ஸ்86-64 கணினிகளில் அதனிடம் இருக்கும் படிகள் 8, 16, 32, 64, 96, 128, 192, 256, 512, 1024, 2048, 4096, 8192 பைட். நீங்கள் கேட்கும் அளவைத் தாங்கும் மிகச் சிறிய படி எதுவோ அதுதான் கிடைக்கும். 184-ம் 192 படிதான், 144-ம் 192 படிதான். 128-க்கோ அதற்குக் கீழேயோ இறங்கியிருந்தால் மட்டுமே என் ஒரு நாள் உழைப்புக்குப் பலன் கிடைத்திருக்கும்.

நம் உதாரணத்துக்கு வருவோம். 80 பைட் என்பது 96 படி. யாரோ ஒருவர் மறுமுயற்சிப் புலத்தை மட்டும் நிலைக்குப் பக்கத்தில் நகர்த்தி 72 ஆக்கினால் அதுவும் 96 படியே; லாபம் பூஜ்யம். நாம் கொண்டுவந்த 56 என்பது 64 படி. நான்கு வரிசை, ஒவ்வொன்றிலும் 1024 கோரிக்கை, ஆக 4096 பிரதிகள் என்று கொள்ளுங்கள். ஒரு 4096 பைட் பக்கத்தில் 96 படி 42 பொருள் பிடிக்கும். 98 பக்கம் தேவை. 64 படி பக்கத்துக்கு 64 பொருள். 64 பக்கம் போதும். 34 பக்கம், அதாவது 136 கேபி மிச்சம்.

ஒரே அளவுள்ள பொருள் ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால் படியையே நீங்கள் செய்துகொள்ளலாம். பொருளுக்கென்று தனி ஸ்லாப் கேச் உருவாக்கும் வசதி அதற்குத்தான். இந்த யோசனையை ஜெஃப் பான்விக் 1994-ல் சன் நிறுவனத்தின் சன்ஓஎஸ் 5.4 கர்னலுக்காக வெளியிட்டார். லினக்ஸில் இன்று அந்த வேலையைச் செய்வது ‘ஸ்லப்’. பழைய ‘ஸ்லாப்’ நிரல் 2024-ல் வந்த 6.8 கர்னலோடு நீக்கப்பட்டது. தனி கேச்சில் 56 பைட் பொருள் 56 பைட்டாகவே அடுக்கப்படும். பக்கத்துக்கு 73, மொத்தம் 57 பக்கம். ஆனால் பத்துப் பதினைந்து பொருளுக்காகத் தனி கேச் திறக்காதீர்கள். பாதி நிரம்பிய பக்கங்கள் தேங்கி, மிச்சத்தை விழுங்கிவிடும்.

கணினிக்குக் கணினி படிகள் மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். ஆர்ம்64 கர்னல்களில் 6.5-க்கு முன்னால் கே-மாலாக்கின் மிகச் சிறிய படியே 128 பைட். அங்கே 80-ம் 56-ம் ஒன்றுதான். தனி கேச்சில் மட்டுமே வித்தியாசம் தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத தலைச்சுமை

சாதனம் நீங்கும்போது தானே விடுவித்துக்கொள்ளும் ‘டெவ்எம்’ வகை ஒதுக்கீடு டிரைவர் எழுதுபவருக்குப் பெரிய வரம். பிழைப் பாதைகளில் நினைவகம் கசிவதை அது தடுக்கிறது. அதற்கு ஒரு விலை உண்டு. நீங்கள் கேட்கும் இடத்துக்கு முன்னால் அது தன் குறிப்பேட்டை வைத்துக்கொள்ளும். எக்ஸ்86-64-ல் அது சுமார் 40 பைட். அருமையாகத் திட்டமிட்டு 256 பைட்டில் முடித்த ஸ்ட்ரக்ட், டெவ்எம் வழியாக வாங்கினால் 296 ஆகி 512 படிக்கு ஏறிவிடும். ஆர்ம்64-ல் டிஎம்ஏ அலைன்மெண்டுக்காக அந்தக் குறிப்பேடு 128 பைட்டைப் பிடிக்கும். 8 பைட் கேட்டாலும் செலவு 136-க்கு மேல்.

பாடம் எளிது. சாதனத்துக்கு ஒன்று என்றால் டெவ்எம் வாங்குங்கள். அதன் பாதுகாப்பு அந்த விலைக்குத் தகும். ஐந்து சின்னத் துண்டுகளை ஐந்து முறை வாங்குவதற்குப் பதில் ஒரே ஸ்ட்ரக்டுக்குள் பதித்து ஒருமுறை வாங்குங்கள். கோரிக்கைக்கு ஒன்று வகைக்கு டெவ்எம் பக்கமே போகாதீர்கள்.

பிட் பிட்டாகச் சேர்ப்பதற்கு முன்

ஓட்டையை அடைத்ததும் அடுத்த ஆசை பிட்-ஃபீல்டில் போகும். நிலைக்கு 3 பிட் போதும், திசைக்கு 1, மறுமுயற்சிக்கு 4. மூன்றையும் ஒரே பைட்டில் அடக்கலாமே என்று தோன்றும். கணக்குப் போடுங்கள்: 53-ல் 2 குறைந்தால் 51. எட்டின் மடங்காக்கினால் மறுபடி 56. எதுவும் மிஞ்சவில்லை, ஆபத்து மட்டும் கூடியிருக்கிறது.

என்ன ஆபத்து? ஒரு பிட்டை மாற்ற சிபியு அந்தப் பைட்டை முழுதாகப் படித்து, மாற்றி, திரும்ப எழுத வேண்டும். அந்த இடைவெளியில் பக்கத்துப் பிட்டை இன்னொரு சிபியு மாற்றியிருந்தால் அந்த மாற்றம் அழிந்துபோகும். ஒரே பிட்-ஃபீல்டிலுள்ள எல்லாப் புலங்களையும் ஒரே பூட்டுதான் காக்க வேண்டும் என்று கர்னல் ஆவணங்கள் வற்புறுத்துவது இதனால். 2012-ல் இதைவிட மோசமான ஒன்று தெரியவந்தது. பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையின் ஒரு ஸ்ட்ரக்டில் ஸ்பின்லாக்கும் அதற்குப் பக்கத்தில் ஒரு பிட் புலமும் இருந்தன. ஐஏ-64 கணினியில் ஜிசிசி கம்பைலர் அந்த ஒரு பிட்டை மாற்ற 64 பிட்டையும் படித்துத் திரும்ப எழுதியது. அதற்குள் மாறியிருந்த பூட்டின் மதிப்பு பழைய மதிப்பால் அழிக்கப்பட்டது. இத்தகைய பிழை என்றோ ஒருநாள், அதிக சுமையில், ஒரு கணினியில் மட்டும் வெளிப்படும். தேடிப் பிடிப்பவரின் வாரங்களை அது தின்றுவிடும்.

எனவே பிட்-ஃபீல்டுக்கு இரண்டு நிபந்தனைகள். ஸ்ட்ரக்ட் உண்மையிலேயே அடுத்த படிக்கு இறங்க வேண்டும். புலங்கள் ஒரே பூட்டுக்குள் இருக்க வேண்டும், அல்லது சாதனம் தொடங்கும்போது எழுதப்பட்டுப் பிறகு மாறாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பைட் பூலே போதும்.

‘பேக்டு’ என்ற பண்புக்கும் இதே கட்டுப்பாடு. அது எல்லா ஓட்டையையும் ஒரே அடியில் நீக்கிவிடும். கூடவே அலைன்மெண்டையும் நீக்கிவிடும். சில செயலிகளில் ஒரு புலத்தைப் படிக்க பைட் பைட்டாகச் சேர்க்கும் நிரல் உருவாகும். அப்படிப்பட்ட புலத்தின் முகவரியை வேறொரு ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் சில கணினிகளில் அது பிழையில் முடியும். வன்பொருளோ நெட்வொர்க்கோ விதித்த வடிவத்தை அப்படியே காட்ட வேண்டிய ஸ்ட்ரக்டுக்குத்தான் பேக்டு. உங்கள் சொந்தக் கணக்கு ஸ்ட்ரக்டுக்கு வேண்டாம்.

பொருளை யோசித்துக் குறைப்பது

பெரிய மிச்சம் பிட்டுகளில் கிடைப்பதில்லை. ‘இந்தப் புலம் இங்கே எதற்கு?’ என்ற கேள்வியில் கிடைக்கிறது. நம் உதாரணத்தில் முடிவு பாயிண்டரைப் பாருங்கள். இந்த டிரைவரில் எல்லாக் கோரிக்கையும் முடிந்ததும் அழைப்பது ஒரே ஃபங்ஷனைத்தான் என்றால், அதை 4096 முறை எழுதிவைப்பானேன்? சாதன ஸ்ட்ரக்டில் ஒரே இடத்தில் வையுங்கள். 53-ல் 8 போய் 45; அளவு 48. தனி கேச்சில் பக்கத்துக்கு 85 பொருள், 49 பக்கம். 98-ல் தொடங்கினோம், சரி பாதியில் வந்து நிற்கிறோம். பிட்-ஃபீல்டு ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

இதே கண்ணோடு பார்க்க வேண்டிய வேறு இடங்கள்:

சேர்ந்து வாழாத புலங்கள். படிக்கும் கோரிக்கைக்கு மட்டும் சில புலம், எழுதும் கோரிக்கைக்கு மட்டும் சில புலம் என்றால் அவற்றை யூனியனில் வையுங்கள். எந்த நிலையில் எந்தக் கிளை செல்லும் என்பதை ஸ்ட்ரக்டுக்கு மேலேயே எழுதிவைப்பது கட்டாயம்.

தனியாக வாங்கும் சிறு அணிகள். 40 பைட் ஸ்ட்ரக்டுக்குள் ஒரு பாயிண்டர். அது காட்டும் 24 பைட் அணி தனியாக வாங்கப்படுகிறது. 64 படி ஒன்று, 32 படி ஒன்று, ஆக 96. அணியை ஸ்ட்ரக்டின் கடைசியில் அளவு சொல்லாத அணியாக வைத்தால் பாயிண்டரின் 8 பைட் போய்விடும். 32-ம் 24-ம் சேர்ந்து 56, ஒரே 64 படி. விடுவிப்பதும் ஒருமுறைதான். மொத்த அளவைக் கையால் பெருக்காதீர்கள். கர்னலில் அதற்கென உள்ள ‘ஸ்ட்ரக்ட்-சைஸ்’ மேக்ரோ, பெருக்கல் எல்லை மீறுவதையும் கவனித்துக்கொள்ளும்.

ஹாஷ் அட்டவணைகள். 4096 வாளிகளுக்கு இருமுனைப் பட்டியல் தலையைப் போட்டால் 16 பைட் வீதம் 64 கேபி. ஒரே பாயிண்டர் கொண்ட ஹாஷ் பட்டியல் தலையைப் போட்டால் 32 கேபி. பட்டியலின் கடைசிக்கு நேராகப் போகும் வசதி போய்விடும்; ஹாஷ் அட்டவணையில் அது அநேகமாகத் தேவைப்படாது.

டிஎம்ஏ விவரக் கட்டங்கள். சாதனமும் சிபியுவும் ஒருங்கே பார்க்கும் டிஎம்ஏ நினைவகம் பக்கக் கணக்கில்தான் கிடைக்கும். 64 பைட் கட்டம் 256 வேண்டுமென்று 256 முறை தனித்தனியாகக் கேட்டால் 256 பக்கம், அதாவது 1 எம்பி போய்விடும். டிஎம்ஏ பூல் உருவாக்கி அதிலிருந்து எடுத்தால் 4 பக்கம், 16 கேபி. இந்த அத்தியாயத்தில் ஒரே மாற்றத்தில் அதிகம் மிஞ்சும் இடம் இதுதான்.

நிலையான அட்டவணைகள். டிவைஸ் ட்ரீ பெயர்களைப் பொருத்தும் அட்டவணையின் ஒவ்வொரு வரியும் 64-பிட்டில் 200 பைட். தேவையற்ற வரிகளைக் கழியுங்கள். மாறாத அட்டவணைகளை கான்ஸ்ட் ஆக்குங்கள். அது மொத்த அளவைக் குறைக்காது, ஆனால் எழுத முடியாத பகுதிக்கு நகர்த்தித் தவறுதலிலிருந்தும் தாக்குதலிலிருந்தும் காக்கும். தொடக்கத்தில் மட்டும் தேவைப்படும் தரவுக்கு ‘இனிட்’ குறியிட்டால் தொடக்கம் முடிந்ததும் கர்னல் அதை விடுவித்துவிடும். பின்னால் சாதனம் செருகப்படும்போது தேவைப்படும் எதற்கும் அந்தக் குறி கூடாது.

தொடக் கூடாத ஓட்டைகள்

எல்லா ஓட்டையும் கவனக்குறைவு அல்ல. ஒரு சிபியு ஓயாமல் எழுதும் எண்ணியும், மற்ற சிபியுக்கள் ஓயாமல் படிக்கும் புலமும் ஒரே கேச் லைனில் இருந்தால், ஒவ்வொரு முறை எழுதும்போதும் மற்றவர்களின் கேச்சில் அந்த லைன் செல்லாததாகும். அதைத் தவிர்க்க வேண்டுமென்றே கேச் லைன் எல்லைக்குத் தள்ளிவைத்த புலங்களை டிரைவர்களில் காண்பீர்கள். அந்த இடைவெளியை மூடினால் ஸ்ட்ரக்ட் சிறுக்கும், சாதனம் தவழும்.

அளவைவிட இருப்பிடம் முக்கியம் என்பதற்கு 6.8 கர்னலின் நெட்வொர்க் பகுதி எடுத்துக்காட்டு. அங்கே முக்கியமான ஸ்ட்ரக்டுகளின் புலங்களை, சேர்ந்து பயன்படுபவை ஒரே கேச் லைனில் வரும்படி மாற்றி அடுக்கினார்கள். ஏராளமான டிசிபி இணைப்புகள் ஒரே நேரத்தில் இருக்கும் சூழலில் 40 சதவீதம் வரை வேகம் கூடியதாக அறிவித்தார்கள். அடிக்கடி தொடும் புலங்களை முன்பக்கம் கூட்டிவைப்பதில் எக்ஸ்86-ல் இன்னொரு லாபமும் உண்டு: முதல் 128 பைட்டுக்குள் இருக்கும் புலத்தின் தூரத்தை ஒரே பைட்டில் எழுதிவிடலாம்; அதற்கு அப்பால் 4 பைட் வேண்டும். ஸ்ட்ரக்டைச் சீராக்கும்போது நிரலின் அளவும் சில சமயம் குறைவது இதனால்.

வரிசையை மாற்றவே கூடாத இடங்கள் நான்கு. பயனர் நிரல்களோடு பகிரும் ஸ்ட்ரக்டுகள்; அவற்றை மாற்றினால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் உடையும். வன்பொருள் நேரடியாகப் படிக்கும் ஸ்ட்ரக்டுகள். முதல் புலத்தின் முகவரியும் ஸ்ட்ரக்டின் முகவரியும் ஒன்று என்று நம்பி வகை மாற்றம் செய்யும் நிரல்கள் சார்ந்தவை. ‘இந்தப் புலத்திலிருந்து அந்தப் புலம்வரை’ என்று ஒரே மூச்சில் அழிக்கப்படுபவை அல்லது நகலெடுக்கப்படுபவை. தொடக்க மதிப்புகளைப் புலப் பெயர் சொல்லாமல் வரிசைப்படி கொடுத்திருக்கிறார்களா என்பதையும் தேடுங்கள். வரிசை மாறியதும் அவை சத்தமில்லாமல் தவறான புலத்தில் போய் விழும்.

பயனரிடம் போகும் ஸ்ட்ரக்டில் ஓட்டையை மூட முடியாதென்றால், அனுப்பும் முன் முழு ஸ்ட்ரக்டையும் பூஜ்யமாக்குங்கள். காலியிடத்தில் கர்னலின் பழைய தரவு தங்கியிருக்கும். அது வெளியே கசிவது பாதுகாப்புக் குறைபாடு.

பேட்சை அனுப்பும் முன்

1. பொருளின் எண்ணிக்கையை முழுச் சுமையில் எண்ணினீர்களா?
2. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் பாஹோல் சொன்ன அளவைக் குறித்தீர்களா?
3. எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு இறங்கியது என்று பார்த்தீர்களா? டெவ்எம் என்றால் தலைச்சுமையையும் கூட்டினீர்களா?
4. ஆப்ஜெக்ட் கோப்பின் அளவை ‘சைஸ்’ கட்டளையால் ஒப்பிட்டீர்களா?
5. அடுத்தடுத்த புலங்களை எந்தப் பூட்டுகள் காக்கின்றன என்று ஒருமுறை படித்தீர்களா?
6. அளவு மாறக் கூடாத ஸ்ட்ரக்டுக்கு, கம்பைல் நேரத்திலேயே அளவைச் சரிபார்க்கும் ஸ்டாட்டிக் அசர்ட் போட்டீர்களா?

பேட்சின் விளக்கத்தில் இந்த எண்களை எழுதுங்கள். ‘நினைவகத்தைக் குறைக்கிறது’ என்ற வரி பரிசீலிப்பவருக்கு எதையும் சொல்வதில்லை. ‘எக்ஸ்86-64-ல் 80 பைட்டிலிருந்து 56, 96 படியிலிருந்து 64 படி, 4096 கோரிக்கைக்கு 136 கேபி’ என்ற வரியை அவர் தன் கணினியிலேயே சரிபார்க்க முடியும். வரிசை மாற்றத்தையும் லாஜிக் மாற்றத்தையும் ஒரே பேட்சில் கலக்காதீர்கள். நம் உதாரணத்தில் புலங்களை நகர்த்துவது ஒரு பேட்ச், தனி கேச் திறப்பது இரண்டாவது, முடிவு பாயிண்டரை நீக்குவது மூன்றாவது. ஒன்று தவறினால் அதை மட்டும் திரும்பப் பெறலாம்.

செய்து பாருங்கள்

கர்னல் மூலத்தில் உங்கள் கணினியின் நெட்வொர்க் அட்டைக்கான டிரைவரைத் தேடியெடுங்கள். டிபக் தகவலோடு கம்பைல் செய்து, பாஹோல் ஓட்டை காட்டும் ஸ்ட்ரக்டுகளை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் எத்தனை பிரதி, எந்தப் படி, ஓட்டையை அடைத்தால் எந்தப் படி என்று நிரப்புங்கள். பெரும்பாலான வரிகளில் படி மாறாது; அவற்றை அடித்துவிடுங்கள். அடிக்காமல் மிஞ்சும் இரண்டொரு வரிகளில்தான் உங்கள் முதல் பேட்ச் இருக்கிறது.